பாக்கெட் வைத்த நைட்டி

போன வாரம் ஜஸீலாவைச் சந்தோஷத்தில் விட்டுவிட்டு வந்தோம். தப்பு நம்முடையதுதான். அந்த வீட்டில் சந்தோஷம் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது என்று தெரிந்தும் அசந்துவிட்டோம்.

விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துப் போட்டுக்கொண்டிருந்த அவள் கணவன் முபீனுக்கு வேலை போய் ஒரு வருஷம் ஆகிறது. நாள் பூராவும் பேசியே வியாபாரம் பண்ணின மனுஷன், வீட்டில் வாயைத் திறக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பிறகு செல்போனில் ஏதோ இலவச வகுப்பில் சேர்ந்தான். ‘புதிதாக எதையும் கண்டுபிடிக்காதீர்கள். ஏற்கெனவே ஓடுகிற கடையைப் பாருங்கள். என்ன விற்கிறது என்று பார்க்காதீர்கள், எதனால் விற்கிறது என்று பாருங்கள். அதைக் கொண்டுவந்து உங்கள் கடையில் வையுங்கள்’ என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள்.

இதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. மதுரையில் ஒருவன் பரோட்டாக் கடை போட்டு ஓடினால் அடுத்த மாதமே எதிரில் இன்னொன்று முளைக்கும். இரண்டிலும் கூட்டம் நிற்கும்.

முபீன் பிடித்தது, திருநகரிலிருந்து நைட்டி விற்கும் ஆன்மேரி என்கிற பெண்ணின் கடை. கடை என்றால் கதவும் ஷட்டரும் கிடையாது, செல்போனில் நடக்கிற கடை. அவள் நைட்டியில் போன் வைக்க ஒரு பாக்கெட் இருந்தது. ஜஸீலாவும் பாக்கெட் வைத்துத் தைத்தாள். ஆன்மேரி பார்சலுக்குள் ஒரு எலந்தவடை போட்டு அனுப்பினாள், இவர்களும் போட்டார்கள். அவள் சாயங்காலம் போனில் லைவ் வந்து துணியைக் காட்டிப் பேசினாள், இவர்களும் வந்தார்கள். தையலும் லைவில் பேசுவதும் ஜஸீலா. எழுத்து வேலை, பார்சல் வேலை எல்லாம் முபீன். முதலில் இழுத்துக்கொண்டிருந்த வியாபாரம் திடீரென்று பிடித்துக்கொண்டது. புருஷன் மறுபடி சிரித்ததைப் பார்த்து அவள் கண் கலங்கியதோடு நிறுத்தியிருந்தோம்.

இந்த வாரம், வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு மேல். கடை போன் அடித்தது. முபீன் கொல்லையில் குளித்துக்கொண்டிருந்ததால் ஜஸீலா எடுத்தாள்.

“அஸ்ஸலாமு அலைக்கும். நைட்டி அக்காங்களா? நான் திண்டுக்கல்லருந்து ஷாஹீதா பேசுறேன்.”

“வ அலைக்கும் ஸலாம். சொல்லுங்கம்மா, சைஸ் மாத்தணுமா?”

“சைஸெல்லாம் சரியா இருக்குக்கா. ஒண்ணு கேக்கணும், தப்பா நெனைக்கக் கூடாது. நீங்க இத்தா இருந்தீங்களா, இல்லையா?”

புருஷன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் வெளியே தலை காட்டாமல் வீட்டோடு இருப்பதுதான் இத்தா. அதைத் தன்னிடம் ஏன் கேட்கிறாள் என்று ஜஸீலாவுக்குப் பிடிபடவில்லை.

“யாரும்மா இத்தா இருக்கணும்?”

“நீங்கதானக்கா எழுதிருக்கீங்க, நாப்பதாம் நாளே கடைக்குப் போயித் துணி எடுத்தேன்னு? எங்க மாமி படிச்சிட்டு, ‘இந்தப் புள்ளைக்கு எடுத்துச் சொல்ல ஒரு ஆள் இல்லாமப் போச்சே’ன்னு ஒரே பொலம்பல். அதோட லைவ்ல உங்க கழுத்துல கருகமணி தெரியுது. அவுக நெனப்பாப் போட்டிருக்கீங்களாக்கா? பாத்ததும் எனக்கு அழுகையா வந்துருச்சு.”

“யாரு நெனப்பா?”

ஷாஹீதா குரலைத் தாழ்த்தினாள்.

“மௌத்தாப் போன உங்க வீட்டுக்காரர் நெனப்பாதான்.”

மௌத்தாகிப் போனவர் அந்த நேரம் ஜும்ஆத் தொழுகைக்காகத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, தொண்டையைச் செருமிச் செருமிப் பாடிக்கொண்டிருந்தார். ஜஸீலா போனை வைத்தாள். கடைப் பக்கத்தைத் திறந்தாள். இத்தனை நாளில் துணிப் படங்களையும் ஆர்டரையும் மட்டும்தான் அவள் பார்த்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் மேலே, முதலில் படிக்கும்படி ஒன்று நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

‘என் கணவர் கடைசி நாட்களில் படுக்கையில் கிடந்தார். கூப்பிடக் குரல் வராது. அதனால் எனக்குப் போன் அடிப்பார். நான் அடுப்படியில் இருப்பேன், போன் வேறெங்காவது கிடக்கும். “உன் நைட்டியில ஒரு பாக்கெட் வச்சுக்கயேன், நான் கூப்பிட்டாக் கேக்கும்ல” என்றார். தைத்துக்கொள்கிறேன் என்றேன். அதற்குள் அவர் மௌத்தாகிவிட்டார். அவர் தலைமாட்டில் தஸ்பீஹ் மணியும் போனும் இருந்தன. போனில் கடைசியாக என்னைத்தான் கூப்பிட்டிருந்தார். எனக்குக் கேட்கவில்லை. நாற்பதாம் நாள் முடிந்ததும் கடைக்குப் போய்த் துணி எடுத்துவந்து, என் இரண்டு பிள்ளைகளுக்காக மிஷினில் உட்கார்ந்தேன். நான் தைக்கிற எல்லா நைட்டியிலும் பாக்கெட் இருக்கிறது. கூப்பிடத்தான் ஆள் இல்லை.’

கீழே அவள் பெயர். ஜஸீலா.

அப்போதுதான் பல விஷயம் அவளுக்கு விளங்கியது. வாடிக்கைக்காரப் பெண்கள் எல்லாம் “தைரியமா இருங்கக்கா”, “அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையத் தரட்டும்” என்று அனுப்பியதை, முபீனுக்கு வேலை போனதற்கு ஆறுதல் என்று அவள் நினைத்திருந்தாள். ஊர்க்காரர்கள் எம்புட்டு நல்லவர்கள் என்று தன் மாமியாரிடம்கூடச் சொல்லியிருந்தாள்.

முபீன் துண்டால் தலையைத் துவட்டியபடி வந்தான்.

“மச்சான்.”

“ம்?”

“நீங்க எப்ப மௌத்தானீங்க?”

துவட்டிய கை நின்றது. அவள் கையில் இருந்த போனைப் பார்த்தான்.

“அது அந்தத் திருநகர் அம்மா எழுதுனது. அப்படியே எடுத்துக்கிட்டேன்.”

“எடுத்துக்கிட்டீங்க!”

“பாக்கெட் வச்சோம், பெருசா ஒண்ணும் போகல. எலந்தவடை வச்சோம், அதுக்கும் போகல. நீயே பாத்தல்ல? எதனால விக்குதுன்னு பாருன்னு வகுப்புல சொன்னாங்க. உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். அவுக கடை பாக்கெட்டுக்காக ஓடல ஜஸீலா, இந்தக் கதைக்காக ஓடுது. இதைப் போட்ட அன்னைக்குத்தான் நமக்கும் ஓட ஆரம்பிச்சுச்சு.”

“உங்களைக் கொன்னு வந்த ஆர்டரா அம்புட்டும்?”

“எழுத்துலதான புள்ள?”

“எழுத்துலயும் ஒழுங்கா எழுதலையே! நாப்பதாம் நாள் எந்த முஸ்லிம் வீட்ல பொம்பளை கடைக்குப் போவா?”

“நாப்பது நமக்கும் உண்டுல்லன்னு விட்டுட்டேன்.”

ஆண்களுக்கு நாற்பது ஞாபகம் இருக்கும். அன்றைக்கு ஃபாத்திஹா ஓதிச் சாப்பாடு போடுவார்கள். இத்தா இருக்கிறவள் அடுப்படிக்குப் பின்னால் இருப்பாள், அவளை யார் கண்டார்கள்? ஜஸீலாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

முபீன் கட்டிலில் உட்கார்ந்தான். வேலை போன புதிதில் உட்கார்ந்திருந்த அதே இடம், அதே உட்காரல்.

“எழுதும்போது கஷ்டமாவே இல்ல ஜஸீலா. அதுதான் எனக்கே பயமா இருந்துச்சு. ஒரு வருசமா இந்த வீட்ல நான் இருந்ததுக்கும் இல்லாததுக்கும் என்ன வித்தியாசம்? வாடகை நீ குடுக்குற. அம்மாவுக்கு மருந்து நீ வாங்குற. இருந்து செய்ய முடியாததை, இல்லாமச் செஞ்சிட்டேன்னு நெனச்சுக்கிட்டேன்.”

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் ஜஸீலாவுக்கு அவன்மேல் கோபம் வந்திருக்கிறது, சலிப்பு வந்திருக்கிறது. இப்படி ஒரு பயம் வந்ததில்லை. தன்னை இல்லை என்று எழுதிவிட்டு, எழுதினது கஷ்டமாக இல்லை என்று சொல்கிற மனுஷனோடு ஒரே வீட்டில் இருக்கிற பயம்.

ஜஸீலா போனில் ஆன்மேரியின் பக்கத்தைத் திறந்து அங்கே இருந்த கதையைப் படித்தாள். கடைசியில் அவள் கேட்டது வேறொன்று.

“அவுக எழுதுனதுல இருந்து ஜெபமாலைய எடுத்துட்டுத் தஸ்பீஹ் வச்சீங்க. ஆண்டவரை எடுத்தீங்க. அந்த ரெண்டு பிள்ளைங்களை ஏன் எடுக்கல? நமக்குத்தான் இல்லையே?”

முபீன் தரையைப் பார்த்தான்.

“எடுக்கத்தான் போனேன். மனசு வரல. உனக்கு இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்.”

ஜஸீலா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். போகாத ஆஸ்பத்திரி இல்லை, நேராத நேர்ச்சை இல்லை. கடைசியில் பிள்ளை வந்த வழி இதுதானா?

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது.

“இன்னைக்கே அதை எடுத்துருங்க மச்சான்.”

“எடுத்தா எல்லாம் நின்னுரும். ஏன் எடுத்தீங்கன்னு கேப்பாங்க. என்னன்னு சொல்றது? செத்தவர் திரும்பி வந்துட்டாருன்னா?” எழுந்து தொப்பியைத் தேடினான். வாசல் வரை போய்த் திரும்பாமலே சொன்னான். “லைவ்ல மட்டும் அந்தக் கருகமணியக் கழட்டி வச்சிரேன். கேக்குறாங்கல்ல?”

“ஜும்ஆவுக்கு நேரமாச்சு, போங்க.”

நிக்காஹ் அன்று மாமி தன் கையால் கட்டிவிட்ட கருகமணி அது. குளிக்கும்போதுகூட அவள் கழற்றியதில்லை.

*

மூன்று மணிக்கு மேல் அந்தக் காஜிமார் தெரு வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். வெளிர்நிறக் கைத்தறிச் சேலை, தோளில் துணிப்பை, கையில் குடை. பார்சல் கவர் ஒன்றிலிருந்து கிழித்த முகவரித் துண்டைப் பார்த்துப் பார்த்து வீட்டு எண்ணைச் சரிபார்த்தாள்.

“நைட்டி ஜஸீலா வீடு இதுதானங்க? நான் திருநகர் ஆன்மேரி.”

ஜஸீலா தலைமுக்காட்டைக் கழுத்து வரைக்கும் இழுத்துச் சுற்றிக்கொண்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கை தானாகச் செய்தது.

“உள்ள வாங்கக்கா.”

ஆன்மேரி உட்கார்ந்தாள். மிஷினைப் பார்த்தாள், தைத்து அடுக்கியிருந்த நைட்டிகளைப் பார்த்தாள். ஒன்றை எடுத்துப் பாக்கெட்டுக்குள் கை விட்டுப் பார்த்து, “நல்லா ஆழமா வச்சிருக்கீங்க” என்றாள்.

“அக்கா, நான் வந்து...”

“இருங்க சிஸ்டர், நான் சொல்லிடுறேன். கோவமாத்தான் பஸ் ஏறினேன். பெரியார் பஸ் ஸ்டாண்டு வர்ற வரைக்கும் மனசுக்குள்ளயே உங்ககூடச் சண்டை போட்டுட்டு வந்தேன். எறங்கி நடக்கும்போதுதான் தோணுச்சு. இந்தப் புள்ளையும் என்னைய மாதிரிதான? நமக்கு நடந்ததைச் சொல்ல நமக்கே வாய் வராது. என் வார்த்தை கண்ணுல பட்டிருக்கு, எடுத்துக்கிட்டா. புருஷனைப் பறிகொடுத்தவளைத் தவிர வேற யாரு இதைப் போயி எடுப்பா?”

ஜஸீலா வாயைத் திறந்தாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தாள். ஆன்மேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பாக்கெட்டை நீங்களே வச்சுக்கங்க. அந்த எலந்தவடைகூட நான் வேற ஒருத்தர்கிட்டப் பாத்ததுதான். யாவாரம்னா ஒருத்தரப் பாத்து ஒருத்தர் செய்யிறதுதான். ஆனா அவர் கூப்பிட்டது என்னையத்தான்மா. என் பெனடிக்ட் கூப்பிட்டது என்னைய.”

ஆன்மேரி தன் போனை எடுத்து நீட்டினாள்.

“இப்ப என்னாச்சுன்னா, உங்க பேஜ் பெருசாப் போச்சா, என் பேஜ்ல வந்து எழுதுறாங்க. ‘காஜிமார் தெரு அக்கா கதையைத் திருடுறியே, வெக்கமா இல்லையா’ன்னு. என் புருஷன் செத்ததுக்கு நான் சாட்சி கூட்டிட்டு வரணும் போல இருக்கு.” போனைப் பைக்குள் வைத்தாள். “அவர் பள்ளிக்கூடத்து வாத்தியார். யாரோட எழுத்தையும் பாத்து எழுதக் கூடாதுன்னு பிள்ளைகளுக்குச் சொல்லிட்டே இருந்த மனுஷன்.”

பிறகு பைக்குள்ளிருந்து இரண்டு கலர் பென்சில் பெட்டிகளை எடுத்து மிஷின் மேஜைமேல் வைத்தாள்.

“உங்க பிள்ளைங்களுக்கு. ஸ்கூல் விட்டு வரலையா இன்னும்?”

அந்த நேரம் பார்த்துத்தான் முபீன் கையில் பிரவுன் டேப் சுருள்களோடு உள்ளே நுழைந்தான். வந்தவள் யார் என்று அவனுக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது. அவள் லைவை ஒன்றுவிடாமல் பார்த்தவன் அவன்.

“இவரு?” என்று ஆன்மேரி கேட்டாள்.

ஜஸீலா அவனையே பார்த்தாள். மச்சான், நீங்களே சொல்லிருங்க. நான் தாங்கிக்கிறேன். எல்லாம் போனாலும் போகட்டும், சொல்லிருங்க.

“நான் பார்சல் போடுற ஆளுங்க” என்றான் முபீன். “பிள்ளைங்க அம்மாச்சி வீட்டுக்குப் போயிருக்காங்க.”

சொல்லிவிட்டு ஒரு ஓரமாக, நிஜமாகவே கூலிக்கு வந்தவன் போல, கவர்களை எடுத்துவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். எழுத்தில் செத்தவனையாவது அழித்து எழுதிவிடலாம். கண் எதிரில் உட்கார்ந்து இல்லை என்கிறவனை என்ன செய்வது?

பின்கட்டிலிருந்து மாமி டீயோடு வந்தார். முபீனின் அம்மா ஜெயினம்பு. காலையில் பக்கத்து வீட்டில் இருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியாது. விருந்தாளிக்கு டீ கொடுக்கிற சிரிப்போடு வந்தவரை ஆன்மேரி எழுந்து கட்டிக்கொண்டாள்.

“நீங்கதான் அவரோட அம்மாவா? எப்படிம்மா தாங்குறீங்க? உங்களுக்கு மொத்தம் எத்தனை பிள்ளைங்க?”

“ஒத்த மகன்தாம்மா” என்றார் மாமி, ஒன்றும் புரியாமல், முபீனைப் பார்த்தபடி.

“ஒத்த மகனா!” ஆன்மேரி அவர் தோளில் முகம் வைத்து அழுதாள். மாமியும் மரியாதைக்கு அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். முபீன் குனிந்த தலை நிமிராமல் டேப்பைக் கிழித்துக்கொண்டிருந்தான்.

போகிற நேரத்தில் ஆன்மேரி ஜஸீலாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“கழுத்து லேசா இருக்குல்ல சிஸ்டர்? எனக்கு அது இன்னும் பழகவே இல்ல. என் தாலிய நான் அவர் சவப்பெட்டிக்குள்ளயே வச்சிட்டேன். நீங்க உங்க கருகமணிய என்ன பண்ணீங்க?”

முக்காட்டுக்குள் மணிகள் சூடாகக் கிடந்தன.

“வித்துட்டேன்க்கா.”

“மிஷின் வாங்கவா?”

“ஆமா.”

ஆன்மேரி அவள் கன்னத்தைத் தொட்டாள். புருஷன் சொன்ன பொய்யை எடுக்கச் சொல்லிக் காலையில் சண்டை போட்டவள் இப்போது சொன்னது அவளுடைய சொந்தப் பொய். அதை யாரும் அவளுக்கு எழுதிக்கொடுக்கவில்லை.

“சாயங்காலம் லைவ்ல ஒரு வார்த்தை சொல்லிருங்க சிஸ்டர். அந்தக் கதை ஆன்மேரியோடதுன்னு. நான் பாத்துட்டு இருப்பேன். உங்க கதைய வேணும்னா நானே கூட உக்காந்து எழுதித் தாரேன்.” அடுக்கிலிருந்த நீல நிற நைட்டியை எடுத்தாள். “இது எனக்கு ஒண்ணு வேணும். ஊருக்கெல்லாம் தைக்கிறேன், எனக்குன்னு யாரும் தச்சுத் தந்ததே இல்ல.”

“இப்பவே எடுத்துட்டுப் போங்கக்கா.”

“கொக்கி தைக்கலையே இன்னும்? தச்சு அனுப்புங்க, மெதுவா வரட்டும்” என்று பணத்தை மிஷின்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

அவள் சந்து திரும்பியதும் மாமி கேட்டார். “ஏத்தா ஜஸீலா, அந்தப் பொம்பளை யாருக்கு அழுதுச்சு?”

ஜஸீலாதான் சொன்னாள்.

“உங்க மகனுக்கு மாமி.”

ஜெயினம்பு முழுவதையும் கேட்டார். பிறகு தரையில் உட்கார்ந்திருந்த மகனிடம் போய், அவன் சட்டையில் போடாமல் விட்டிருந்த மேல் பொத்தானைப் போட்டுவிட்டார். அவன் நெற்றியில் கை வைத்துச் சூடு பார்த்தார். “இருக்கான்ல” என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

*

லைவுக்கு நேரமாகிவிட்டது. ஜஸீலா நீல நைட்டிக்குக் கொக்கி தைத்து முடித்து மடியில் வைத்திருந்தாள். புதுத் துணியில் அதுதான் நன்றாக வந்திருந்தது, அதையே காட்டலாம் என்றான் முபீன். எதிரில் போனைப் பிடித்தபடி நின்றான்.

“சொல்லப் போறியா?”

“சொல்லணும்ல?”

“சொன்னா நாளையோட கடை முடிஞ்சிரும். திரும்பவும் அந்தக் கட்டில்தான் எனக்கு.” அவன் கெஞ்சவில்லை. நடக்கப்போவதைச் சொன்னான், அவ்வளவுதான். “உன் இஷ்டம். ஆரம்பிக்கவா?”

ஆரம்பித்தால் ஆன்மேரி பார்ப்பாள். விற்றுவிட்டேன் என்று சொன்னது கழுத்தில் கிடக்கிறது. முக்காடு எந்த நேரமும் நழுவும், அப்படி நழுவித்தானே திண்டுக்கல்வரைக்கும் தெரிந்தது?

“ஒரு நிமிஷம்” என்றாள்.

முபீன் கேட்டதற்காக அவள் கழற்றவில்லை. தான் சொன்ன பொய்யைக் காப்பாற்றத்தான் கழற்றினாள். கருகமணியின் கொக்கி கையோடு வர மறுத்தது, ஒன்பது வருஷ அழுக்கு. கடைசியில் வந்துவிட்டது. கையில் வைத்திருக்க முடியவில்லை, கீழே வைக்க மனம் இல்லை. மடியிலிருந்த துணியின் பாக்கெட்டுக்குள் நழுவ விட்டாள். முபீன் அவள் கழுத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். வேண்டாம் என்று அவன் சொல்லுவான் என ஒரு நொடி காத்திருந்தாள். லைவ் ஆரம்பித்திருந்தது.

“அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இன்னைக்கு ஒரு விஷயம் சொல்லணும். இந்தப் பாக்கெட்... இந்தப் பாக்கெட் வைக்கிற யோசனை என்னுது இல்ல. திருநகர் ஆன்மேரி அக்காவோடது. அவுகளைப் பாத்துத்தான் நான் கத்துக்கிட்டேன். அவுக யாருகிட்டயும் திருடல.”

அடுத்த வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. அவர் கூப்பிட்டதும் அவுகளைத்தான். என் வீட்டுக்காரர் உசுரோட இருக்காரு, இந்தா, எதிர்ல நிக்கிறாரு. போனைப் பிடித்திருந்த முபீன் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். சுவரைப் பார்த்த அந்த முகம் அவளுக்கு ஞாபகம் வந்தது.

“அம்புட்டுதான்” என்றாள்.

பாதியைத் திருப்பிக்கொடுத்தாள். செத்தவரைக் கொடுக்கவில்லை.

திரையில் மளமளவென்று வந்து விழுந்தது. ‘எவ்வளவு பெரிய மனசு அக்கா.’ ‘உண்மையைச் சொல்ல ஒரு தைரியம் வேணும்.’ ‘இதுக்காகவே ரெண்டு வாங்குறேன்.’ நேர்மைகூட விற்கிறது! அதற்கு நடுவில் ஒன்று வந்தது. ‘நன்றி சிஸ்டர். மீதியையும் நாளைக்குச் சொல்லுவீங்கன்னு நம்புறேன். ஆன்மேரி.’

லைவை முடித்ததும் ஜஸீலா எழுந்து போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினாள். கழுவக் கழுவ அழுகை வந்தது, அழ அழக் கழுவினாள். வாசலில் கூரியர் ஆட்டோ வந்து ஹாரன் அடித்ததும், முபீன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடியதும், ஆட்டோ கிளம்பிப் போனதும் கேட்டது. அந்தித் தொழுகைக்கு மஃரிப் பாங்கு சொன்னார்கள்.

தொழுகைப் பாயை விரித்த இடத்தில் மாமி எழுந்து உட்கார்ந்திருந்தார். மருமகளை நிமிர்ந்து பார்த்தவர் கண் அவள் கழுத்தில் நின்றுவிட்டது.

“கழுத்து ஏன்தா வெறுமையா இருக்கு?” மாமி பாயிலிருந்து எழுந்தார். “அவன் மௌத்துன்னு சொன்னா நீயுமா?”

கை தானாகக் கழுத்துக்குப் போனது. ஜஸீலா மிஷின் இருந்த அறைக்கு ஓடினாள். மேஜைமேல் இரண்டு கலர் பென்சில் பெட்டிகள் மட்டும் இருந்தன.

“மச்சான், நீல நைட்டி எங்க?”

முபீன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“திருநகர் பார்சல்தான? போட்டு அனுப்பிட்டேனே. அந்த அம்மாகிட்ட நல்ல பேரு வாங்கணும்னு மொதல்ல அதைத்தான் ஒட்டினேன். ஏன்?”

பார்சல் நாளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பிரித்ததும் ஆன்மேரி நிறத்தைப் பார்க்கமாட்டாள், தையலைப் பார்க்கமாட்டாள். முதலில் பாக்கெட்டுக்குள்தான் கையை விடுவாள்.